கேசட்டின் கண்ணில் பூ விழுந்த நாள்

1987ஆம் ஆண்டு நவம்பர் 12, வியாழக்கிழமை. காலையில் வழக்கம்போல் விடியும் முன்பே எழுந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். இரவு பெய்த மழையில் கிணற்றடி வழுக்கியதால் சாம்பல் தூவினேன். குளித்து, நான்கு இட்லி சாப்பிட்டு, கால்சட்டைக்குக் கிளிப் போட்டுக்கொண்டு, உறுவையாற்றிலிருந்து சைக்கிளில் சர்க்கரை ஆலைக்குப் புறப்பட்டேன். வழியில் ஒருமுறை செயின் கழன்றது, மாட்டினேன். இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தால்தான் அன்று மாலை நடந்ததை எனக்கே நம்ப முடிகிறது. நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் நம்பமாட்டேன்.

பேய், ஆவி, காத்து, கருப்பு இவை எதிலும் எனக்கு அன்றும் நம்பிக்கை இல்லை, பெரிய அளவில் இன்றும் இல்லை. ஆலை ஓடும் மாதங்களில் ராத்திரி ஷிப்ட் முடிந்து சுடுகாட்டு வழியாகத்தான் வீடு திரும்புவேன், அந்த வழியில் என்னைத் துரத்தியது நாய்கள் மட்டும்தான். எங்கள் தெருவில் யாருக்காவது சாமி வந்தால் கூட்டத்தோடு நின்று பார்ப்பேன், பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிடுவேன், அவ்வளவுதான் எனக்கும் அதற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள்.

நான் அந்த ஆலையில் கரும்புப் பிரிவுக் கண்காணிப்பாளர். வில்லியனூர், சுத்துக்கேணி, பாகூர் பக்கமெல்லாம் எங்களுக்குக் கரும்பு தரப் பதிவு செய்த விவசாயிகள் இருந்தார்கள். யார் கரும்பு எப்போது நட்டது, என்ன ரகம், எப்போது முற்றும் என்று கணக்குப் பார்த்து, இன்னார் இன்ன தேதியில் வெட்டலாம் என்று 'வெட்டு உத்தரவு' கொடுப்பது என் பிரிவின் வேலை. ஊரில் எல்லோரும் அதைக் கட்டிங் ஆர்டர் என்பார்கள். அந்தச் சீட்டு ஒரு வாரம் தள்ளிப்போனால் கரும்பு வயலிலேயே காயும், விவசாயி நம் வீட்டு வாசலில் வந்து நிற்பான்.

அந்த வருடம்தான் இந்த வேலைக்குக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பீரோவில் பாதி உயரத்துக்கு ஒரு பெட்டி, அதோடு இரண்டு திரைகள், ஒரு பிரிண்டர். அதற்கென்று கண்ணாடி போட்ட ஓர் அறை, அறைக்கு ஏ.சி. எங்கள் நிர்வாக அதிகாரியின் அறைக்கே ஏ.சி. கிடையாது, அதனால் அவருக்கு அந்த மெஷினைக் கண்டாலே ஆகாது. விவசாயிகளின் விவரம் முழுவதையும் அதில் ஏற்றியவள் பிலோமினா. வில்லியனூருக்குப் பக்கத்தில் மாதா கோயில் உள்ள ஒரு கிராமத்துப் பெண், டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள், தினக்கூலியில் இருந்தாள். ஆறு மாதம் உட்கார்ந்து வயல் வயலாக ஏற்றினாள். சீசன் நன்றாகத் தொடங்கினால் அவளை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு.

அன்று ஆலையில் இளஞ்சூடு ஏற்றும் விழா. மாதக்கணக்கில் ஆறிக்கிடந்த கொதிகலனுக்கு முதலில் விறகு போட்டு மெதுவாகச் சூடு காட்டுவார்கள், அதற்குப் பூஜை உண்டு. கொதிகலன், எடைமேடை, டிராக்டர் என்று வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்த குருக்கள் கடைசியில் கம்ப்யூட்டர் அறைக்கும் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்ல வேண்டியிராத ஒரே ஆள் அவர்தான். மெஷினுக்கு வைத்தார், திரைகளுக்கு வைத்தார், பிரிண்டருக்கும் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"சாமி, இதையும் வுட்டுடாதீங்க," என்று பிலோமினா கேசட் டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"ஏம்மா, நீ வேதக்காரப் பொண்ணாச்சே?" என்றேன்.

"பொட்டு வச்சா மாதா கோச்சிக்கவா போறாங்க சார்? மிஷினு ஒழுங்கா ஓடுனா போதும்."

குருக்களுக்கு ஒரே சந்தோஷம். தட்டில் மீதமிருந்த சந்தனத்தை நன்றாகக் கரைத்து, கேசட் ஒவ்வொன்றுக்கும் தாராளமாக வைத்தார்.

இந்தக் கேசட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாட்டுக் கேசட்டைவிடப் பெரியது, புத்தகம் போல் கனமாக இருக்கும். மெஷினுக்குள் டிஸ்க் என்று ஒன்று உண்டு, விவரமெல்லாம் அதில்தான் இருக்கும். அது கெட்டுப்போனால் என்ன செய்வது என்று, அதில் உள்ளதை அப்படியே கேசட்டில் நகல் எடுத்து வைப்பார்கள், அதற்குப் பேக்கப் என்று பெயர். எங்கள் டிஸ்க்கிலிருந்து இரண்டு நாளாக முறத்தில் அரிசி புடைப்பது போல் ஒரு சத்தம். மெட்ராஸுக்கு டிரங்க்கால் போட்டுச் சொன்னோம். கம்பெனியிலிருந்து ரகு என்ற இளைஞர் புது டிஸ்க் ஒன்றைத் தோள்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்து சேர்ந்தார். சத்தத்தைக் கேட்டதும் வந்தவர் முகம் மாறியது.

"சார், இதை ஆஃப் பண்ணிடாதீங்க. ஆஃப் பண்ணா மறுபடி சுத்தாது. ஓடிட்டிருக்கும்போதே ஒரு பேக்கப் எடுத்துட்டு டிஸ்க்கை மாத்திடலாம். ஒரு மணி நேர வேலை."

அவர் வருகிறார் என்று தெரிந்ததும் பிலோமினா கேசட்டில் இருந்த பொட்டையெல்லாம் ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்து வைத்துவிட்டாள். மெட்ராஸ்காரர் பார்த்தால் சிரிப்பார் என்று அவளுக்குக் கூச்சம்.

முதல் கேசட்டைப் போட்டார் ரகு. போன மாதம் எடுத்த நகல் அதில்தான் இருந்தது, அதன் மேலேயே புதிதாக எழுதுவதுதான் வழக்கம். எழுதுவதற்கு முன்னால் நாடாவைக் கடைசி வரை ஒருமுறை ஓட்டிச் சுற்றிக்கொள்ளும், பிறகுதான் எழுதத் தொடங்கும். அன்று ஓடியது, ஓடியது, நிற்கவே இல்லை. உள்ளே 'டப்'பென்று ஒரு சத்தம். வெளியே எடுத்தால் நாடா உருளையிலிருந்து கழன்று தொங்குகிறது. போன மாதத்து நகலும் போயிற்று.

ரகு கேசட்டை ஓட்டும் டிரைவைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். இரண்டாவது கேசட்டும் கழன்றது. தலையைச் சொறிந்து, ஒயரை மாற்றிப் பார்த்தார். மூன்றாவதும் கழன்றது. டப்பாவில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

அந்த நேரம் பார்த்து நிர்வாக அதிகாரி கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை நீட்டினார். ஏ.சி. காற்றை ஒரு மூச்சு நன்றாக இழுத்துக்கொண்டார்.

"இன்னா கலியபெருமாள், நாளைக்குக் காலைல கட்டிங் ஆர்டர் வருமா வராதா?"

"வந்துடும் சார்."

"வரலேன்னு வச்சிக்க, இந்தப் பொட்டிய மூட்ட கட்டி அனுப்பிட்டு பழையபடி கையால எழுதுங்க. அப்பறம் இந்தப் பொண்ணு இன்னாத்துக்கு? திங்கக்கெழமைலேந்து வர வாணாம்னு சொல்லிடு."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். டிஸ்க் மட்டும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது. பிலோமினா கழன்ற நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே, "ஆறு மாசம் சார்," என்றாள். "சொறியாங்குப்பத்து ஆளுங்க பேரு மட்டுமே எனுக்கு மனப்பாடம் சார். இன்னொரு தரம் அடிக்கச் சொன்னாலும் அடிப்பேன். அடிக்கச் சொல்லுவாங்களா?"

சொல்லமாட்டார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மாலை விளக்கேற்றும் நேரம். வெளியே மறுபடியும் மழை பிடித்தது, கரண்ட் போயிற்று. ஆலை ஓடத் தொடங்கிவிட்டால் எங்களுக்குச் சொந்த மின்சாரம் உண்டு. அன்று கொதிகலன் இளஞ்சூட்டில்தான் இருந்தது, டீசல் ஜெனரேட்டரையும் அதற்கே கொடுத்திருந்தார்கள். மெஷின் மட்டும் யு.பி.எஸ். பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும், அதற்கும் வயதாகிவிட்டது. தீரப்போகிறது என்று அது 'பீப் பீப்' என்று கூவ ஆரம்பித்தது. பேட்டரி தீர்ந்தால் மெஷின் நிற்கும், மெஷின் நின்றால் டிஸ்க் நிற்கும், நின்ற டிஸ்க் மறுபடி சுற்றாது. திரையின் பச்சை வெளிச்சத்தில் மூன்று பேர் முகமும் வாழையிலையில் வைத்தது போல் இருந்தது.

அப்போதுதான் கதவு திறந்து, டார்ச் வெளிச்சத்தோடு அவர் உள்ளே வந்தார்.

"இன்னாபா இது, இருட்டுல ஒக்காந்துக்கினு? எதுனா ஆச்சா?"

முப்பது வயது இருக்கும், அரைக்கை வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, மழையில் வந்ததால் தலையில் ஒரு துண்டு. எனக்குத் தெரியாத முகம். விழாவுக்கு வந்த யாரோ, அல்லது ரகுவோடு வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு டார்ச்சுதான் பெரிது.

"கரண்டு போயிடுச்சி தம்பி. டார்ச்ச கொஞ்சம் இப்படி காட்டு," என்றேன்.

"காட்டத்தானே வந்துருக்கேன்," என்று சொல்லிச் சிரித்தார். நல்ல சிரிப்பு. எனக்கே காரணமில்லாமல் கொஞ்சம் சிரிப்பு வந்தது. சுவரோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வெளிச்சத்தை மெஷின் பக்கம் திருப்பினார்.

ரகு மறுபடியும் டிரைவின் மூடியைத் திறந்தார். கை நடுங்கியது. "தாத்தா, டார்ச் ஆடாம பிடிங்க, ப்ளீஸ்."

முப்பது வயது ஆளைத் தாத்தா என்கிறாரே, மெட்ராஸ் கிண்டல் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"ஆடுறது நானா நீயா கண்ணு? காலைலேந்து எதுனா துன்னியா?"

"திண்டிவனத்துல ரெண்டு வாழைப்பழம்."

"ரெண்டு வாழப்பழத்த துன்னுட்டு வந்து இம்மாம்பெரிய மிஷினோட மல்லுக்கு நிக்கிறியே, அது காலைலேந்து கரண்டா துன்னுக்கினு கெடக்குது, நீ ஜெயிப்பியா?"

ரகு சிரித்துவிட்டார். மத்தியானத்திலிருந்து அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். கை நடுக்கமும் நின்றது. பிலோமினா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ ஏண்டி அழுவுற?"

"நான் ஒன்னும் அழுவல யக்கா."

"நீ அழுவல, கண்ணு மட்டும் தனியா அழுவுதா?"

அவளும் சிரித்தாள். வேறு சமயமாக இருந்தால், யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆள் என் பிரிவில் வேலை செய்யும் பெண்ணை வாடி போடி என்பதா என்று கண்டித்திருப்பேன். அவள் ஏதோ அக்கா என்றதும் காதில் விழுந்தது. பேட்டரி கூவிக்கொண்டிருந்தது, நான் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

"இந்தக் கேசட்டுக்கு எந்தப் பக்கம் மூஞ்சி, எந்தப் பக்கம் முதுகு?" என்று அவர் கேட்டார்.

அதைக் கேட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை, பொழுதுபோக்குக்குக் கேட்பது போல்தான் கேட்டார். பிலோமினா கடைசிக் கேசட்டை எடுத்து, குழந்தைக்குக் காட்டுவது போல் திருப்பித் திருப்பிக் காட்டினாள். இது முன்பக்கம், இங்கேதான் கதவு திறக்கும், உள்ளே ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கிறது பாருங்கள் என்று. அவர் பார்ப்பதற்காக டார்ச்சைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்தார். வெளிச்சம் கேசட்டின் மேல் சாய்வாக விழுந்தது.

பிலோமினா நிறுத்திவிட்டாள்.

"சார். இதுக்குக் கண்ணுல பூ வுழுந்துருக்குது சார்!"

ரகு பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தார். அந்தக் குட்டிக் கண்ணாடியின் மேல் வெள்ளையாக, மெல்லிசாக, ஒரு படலம். நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்வான வெளிச்சத்தில் மட்டும் தெரிந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார்.

"என்னது இது, சந்தன வாசனை வருது?"

பிலோமினா என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். நாடாவின் இரண்டு முனையிலும் ஊசி குத்தியது போல் ஓட்டைகள் உண்டு. டிரைவில் இருந்து ஒரு வெளிச்சம் அந்தக் குட்டிக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, ஓட்டை வழியாகப் போகும். ஓட்டை தெரிந்தால் 'நாடா முடிந்தது, நில்' என்று டிரைவுக்குப் புரியும். காலையில் குருக்கள் தாராளமாக வைத்த சந்தனம் உள்ளே வழிந்து கண்ணாடியில் காய்ந்துவிட்டது. பிலோமினா துடைத்ததெல்லாம் வெளிப்பக்கம். கண் தெரியாத டிரைவ், முடிவு வந்தது தெரியாமல் நாடாவை இழுத்துத் தள்ளியிருக்கிறது. ரகு பாவம், டிரைவுக்குள்ளேயே மூன்று மணி நேரம் தேடிக்கொண்டிருந்தார். கேசட்டுக்குப் பொட்டு வைப்பார்கள் என்று அவருடைய கம்பெனிப் புத்தகத்தில் எழுதியிருக்காது.

பிலோமினா கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். ரகு அதன் முனையில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்து, அந்தக் கண்ணாடியைத் துடைத்தார். குழந்தைக்குக் கண்ணில் மருந்து போடுவது போல் நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். வெளிச்சம் ஒரு துளி அசையவில்லை.

கேசட் உள்ளே போயிற்று. ஓடியது. ஓடியது. நின்றது.

அந்த நிற்கிற சத்தத்தைப் போல் இனிமையான சத்தத்தை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. திரும்பிச் சுற்றியது, மறுபடி நின்றது, எழுதத் தொடங்கியது. திரையில் ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடின. உறுவையாறு, சுத்துக்கேணி, பூரணாங்குப்பம் என்று ஒவ்வொரு பெயரும் போகப் போக பிலோமினா உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள், கோயிலில் ஜெபமாலை உருட்டுவது போல். யு.பி.எஸ். கூவுவதை விட்டுவிட்டு ஒரே நீளமாக அலறத் தொடங்கியது. "போ, போ, போயிடு," என்று ரகு மெஷினைத் தட்டிக்கொடுத்தார். கடைசி ஊரும் போயிற்று. முடிந்தது என்று திரையில் வந்தது. அதே மூச்சில் கரண்ட் வந்தது, ஏ.சி. உறுமியது, டியூப்லைட் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு எரிந்தது.

நாங்கள் மூன்று பேரும் கைதட்டினோம். நடுத்தர வயதில், ஆலை அலுவலகத்தில், எழுந்து நின்று கைதட்டியது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். பிலோமினா ரகுவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பிறகு வெட்கப்பட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது டார்ச்காரர் இல்லை. வேலை முடிந்தது, போய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ரகு பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புது டிஸ்க்கை மாட்டினார். கேசட்டிலிருந்து விவரம் அதில் இறங்கிக்கொண்டிருந்தது. கேன்டீனிலிருந்து விழாப் பொங்கலும் டீயும் வந்தன. ரகு பொங்கலை இரண்டு கையாலும் சாப்பிட்டார் என்றே சொல்லலாம்.

"சார், உங்க தாத்தாவுக்குக் கொஞ்சம் வச்சிருக்கலாமே. எங்க போயிட்டாரு?" என்றார்.

"எந்தத் தாத்தா?"

"டார்ச் பிடிச்சாரே சார்."

"அவுரு தாத்தாவா? முப்பது வயசு இருக்கும். உங்க கம்பெனி ஆளுன்னு இல்ல நெனச்சேன்?"

ரகு கையை உதறினார். "முப்பதா? என்ன சார் சொல்றீங்க, பல்லே இல்ல அவருக்கு! காக்கி கோட்டு, மெடல் குத்தின அடையாளம், பழைய சொல்தா மாதிரி. என்னைக் கண்ணுன்னு கூப்பிட்டாரே."

'சொல்தா' என்பது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களுக்கு எங்கள் பக்கத்துப் பெயர். மெட்ராஸ்காரர் வாயில் அந்தச் சொல் எப்படி வந்தது என்று கேட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொல்லிக்கொடுத்தாராம்.

பிலோமினா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னா சார், ரெண்டு பேரும் சேர்ந்து என்னக் கிண்டல் பண்றீங்களா? அது அக்கா சார். செவப்புப் புடவ கட்டிக்கினு, கழுத்துல சிலுவ போட்டுக்கினு. உங்க வூட்டு ஆளுங்க, உங்களுக்குச் சோறு எடுத்தாந்தாங்கன்னு நெனச்சேன்."

"எங்க வூட்ல யாரும்மா சிலுவ போடுறாங்க?"

"அதான் நானும் யோசிச்சேன்."

கொஞ்ச நேரம் மூன்று பேரும் வாதாடினோம். சிரிப்பும் வந்தது, நடுநடுவே சிரிப்பு நின்றும் போயிற்று. அவர் பேசிய பேச்சு மூன்று பேருக்கும் ஒரு எழுத்து மாறாமல் ஒத்துப்போயிற்று. வாழைப்பழம், கண்ணு மட்டும் தனியாக அழுவது, மூஞ்சியா முதுகா என்று கேட்டது, எல்லாம் ஒன்றுதான். குரல்தான் எனக்கு இளைஞனுடையது, ரகுவுக்குக் கிழவருடையது, அவளுக்குப் பெண்ணுடையது. டார்ச் மட்டும் மூன்று பேருக்கும் ஒரே டார்ச், நீளமான, பித்தளை நிறத்து டார்ச்.

நான் ஒழுங்காக விசாரிக்கிற ஆள். மழையில் நனைந்துகொண்டே வாசலுக்குப் போய் வாட்ச்மேனைக் கேட்டேன். யாரும் உள்ளே வரவில்லை, வெளியேயும் போகவில்லை என்றார். அவர் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டிருக்கலாம், அந்தச் சாட்சியை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. யாரோ ஒருத்தர் வந்தார், இருட்டில் மூன்று பேரும் மூன்று விதமாகப் பார்த்தோம், பசியும் பயமும் சேர்ந்தால் அப்படித்தான் என்று முடிவு செய்துகொண்டு அறைக்குத் திரும்பினேன்.

ரகு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"சார், அவர் நாற்காலியிலதானே உட்கார்ந்திருந்தாரு?"

"ஆமா. அதோ அங்க, சுவரோரம்."

"நீங்க உங்க நாற்காலியில. பிலோமினா அவங்க நாற்காலியில. நான் இதுல. சரியா? இந்த ரூம்ல இருக்கிறது மொத்தமே மூணு நாற்காலி சார்."

பார்த்தேன். மூன்றுதான். நான்காவது ஒன்று போடுவதற்கு அந்த அறையில் நாங்கள் இடம் விட்டதே இல்லை, சுவரோரம் தாள் கட்டுகள் அடுக்கியிருக்கும். இப்போதும் அடுக்கியிருந்தது. ஆனால் அவர் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன், நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டதையும் கேட்டேன். அதில் ரகுவுக்கும் பிலோமினாவுக்கும் சந்தேகம் இல்லை.

அன்று ஆலை ஜீப்பில் பிலோமினாவை அவள் வீட்டில் இறக்கிவிட்டோம். ரகு வில்லியனூரில் லாட்ஜ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் நிறைய ஆட்கள் இருக்கிற மெட்ராஸ் பஸ்ஸைப் பிடித்து ஏறினார். ஜீப்பிலிருந்து இறங்கும்போது பிலோமினா, "யாரா இருந்தா இன்னா சார், அவங்களால தானே என் வேல தப்பிச்சுது. ஒரு வாய்த் தண்ணி கூடக் கேக்கல. நாம உக்காருன்னு கூடச் சொல்லலியே," என்றாள். வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். "அவ்ளோ நேரம் டார்ச்சு புடிச்ச ஆளு, பேரு இன்னான்னு ஒருத்தரு கூடக் கேக்கலியா?" என்றாள். உண்மைதான், கேட்கவில்லை.

பிலோமினா அந்த சீசன் முடிவதற்குள் நிரந்தரமானாள். கேசட்டுக்கு அதன் பிறகு பொட்டு வைக்கவில்லை, டப்பாவுக்கு மட்டும். ரகு அதற்குப் பிறகு பல தடவை வந்தார், பகலில் மட்டும் வருவார். இதெல்லாம் பின்னால் நடந்தது. எனக்கு இன்றுவரை விளங்காதது மறுநாள் காலையில் நடந்ததுதான்.

வெள்ளிக்கிழமை கொஞ்சம் சீக்கிரமாகவே போனேன். ராத்திரி முழுவதும் அந்தப் பெண் சொன்னது மனதில் இருந்தது. விவசாயிகள் ஜன்னலுக்கு வெளியே குடையும் சாக்குமாக நிற்கத் தொடங்கியிருந்தார்கள். யாரிடமும் பேசாமல் கணக்குப் பிரிவுக்குப் போய், யாரும் உட்காராத ஒரு நாற்காலியைத் தூக்கித் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்கு வந்தேன். யாராவது கேட்டால், வருகிறவர்களுக்கு உட்கார என்று சொல்வதாக இருந்தேன்.

அறையில் பிலோமினா எனக்கு முன்பே வந்திருந்தாள். சுவரோரம் தாள் கட்டுகள் ஒருபக்கமாக ஒதுங்கியிருந்தன. அந்த இடத்தில் ஒரு நாற்காலி.

"நல்ல காரியம் பண்ணம்மா," என்றேன். "நானும் அதையேதான் நெனச்சேன்."

அவள் என் தலையில் இருந்த நாற்காலியைப் பார்த்தாள், அந்த நாற்காலியைப் பார்த்தாள். "நான் எங்க சார் போட்டேன்? நீங்க போட்டுட்டுப் போனீங்கன்னு இல்ல நெனச்சிக்கினு இருக்கேன்?"

அறைக்கு ராத்திரி பூட்டுப் போட்டவன் நான், காலையில் சாவி வாங்கியவள் அவள். எங்கள் ஆலையில் நாற்காலி, மேசை, தண்ணீர்க் குவளை வரை எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயிண்டில் பிரிவின் பெயரும் எண்ணும் எழுதியிருக்கும், எழுதவைத்தவனே நான்தான். கீழே குனிந்து, நாற்காலியைச் சாய்த்து, நான்கு காலிலும் பார்த்தேன். எண் இல்லை. நல்ல தேக்கு, பிரம்பு பின்னிய இருக்கை. வருடாவருடம் பொருள் சரிபார்க்க வருகிறவர்கள் இது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், நான் ஓய்வு பெறும்வரை 'கூடுதல், ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன எழுத முடியும்?

அன்று காலை அதன் இருக்கையைக் கையால் தொட்டுப் பார்த்தேன். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஏ.சி. அறையில், மழைக்காலத்துக் காலையில், யாரோ இப்போதுதான் எழுந்துபோனது போல் அது இளஞ்சூடாக இருந்தது. பிலோமினாவும் தொட்டாள். 

ஜன்னலுக்கு வெளியே யாரோ, "சாரு, ஆர்டரு வந்துதா இல்லியா?" என்று குரல் கொடுத்தார்.

"தோ வருது, இருங்க," என்றாள் பிலோமினா.

நான் கொண்டுவந்த நாற்காலியை முதலில் கணக்குப் பிரிவில் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து, பிரிண்டரில் தாள் ஏற்றினேன்.